பன்னாட்டுச் சட்டம் படிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

சட்ட மேற்படிப்பு பற்றி நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கமிருந்து வந்த கடிதங்களில் பல, பன்னாட்டுச் சட்டத்தையும் சமரசத்தையும் சுற்றியே இருந்தன. சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவரும், நீதிமன்றச் சமரசராகவும் பணியாற்றும் வழக்கறிஞர் ஒருவரும் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். எல்.எல்.எம். பன்னாட்டுச் சட்டம் எடுக்க ஆசை. ஓராண்டுப் படிப்பில் சேரவா, ஈராண்டுப் படிப்பில் சேரவா?
– வாசகர், பாளையங்கோட்டை

கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறீர்களா, நீதிமன்றத்திலோ நிறுவனத்திலோ வேலை பார்க்கப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆசிரியப் பணியும் முனைவர் பட்டமும்தான் இலக்கு என்றால் ஈராண்டுப் படிப்பு நிதானமாக இருக்கும். சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டமும் அமைப்புகளும் தனிப் பிரிவாகவே உண்டு. ஓராண்டுப் படிப்பு, பல்கலைக்கழக மானியக் குழு 2013இல் வகுத்த நெறிமுறைப்படி தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. அதை நிறுத்திவிட, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் 2020இல் விதி கொண்டுவந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. படிப்பு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஓராண்டில் ஆய்வு முறை, ஒப்பீட்டுப் பொதுச் சட்டம், உலகமயச் சூழலில் சட்டமும் நீதியும் என்று மூன்று கட்டாயப் பாடங்கள் இருக்கும். விருப்பப் பாடங்களில்தான் பன்னாட்டுச் சட்டம் வரும். ஆய்வேட்டுக்குக் கிடைப்பது சில மாதங்களே. தலைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு சேருகிறவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு வழி, கிளாட் முதுநிலைத் தேர்வு. நமக்குப் பக்கத்தில் திருச்சியில் இருப்பதும் அதில் சேர்த்தி. எல்.எல்.பி.யில் 50 சதவீதம் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 45. இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. தீர்ப்பிலிருந்து நீளமான பத்தி கொடுத்துக் கேட்பார்கள். பத்தியைப் படிக்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் கேள்விக்கு ஒரு நிமிடம். தெரியாத 40 கேள்விகளுக்குக் குத்துமதிப்பாக விடை போட்டு எல்லாம் தவறினால், சரியாகப் போட்ட பத்து கேள்விகளின் மதிப்பெண் காணாமல் போகும்.

பன்னாட்டுச் சட்டம் படிக்கப் போகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகளை மாய்ந்து மாய்ந்து படித்துவிட்டு அரசியலமைப்புச் சட்டத்தைக் கைவிட்டுவிடுவார்கள். தேர்வில் எடை அரசியலமைப்புக்குத்தான். பன்னாட்டுச் சட்டம் பல பாடங்களில் ஒன்று, அவ்வளவே.

சேருவதற்கு முன் இன்னொன்றும் விசாரியுங்கள். கையேட்டில் இருக்கிற விருப்பப் பாடம் எல்லாம் எல்லா ஆண்டும் நடப்பதில்லை. போதிய மாணவர் சேராவிட்டாலோ, ஆசிரியர் விடுப்பில் போனாலோ கடல் சட்டமோ முதலீட்டுச் சட்டமோ அந்த ஆண்டு கிடையாது. முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, உண்மையில் எந்தெந்தப் பாடம் நடந்தது என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் லாஸ்’, ‘கான்ஃப்ளிக்ட் ரெசல்யூஷன்’ இரண்டும் ஒன்றா?
– வாசகி, மேலப்பாளையம்

இல்லை. பெயர்தான் அண்ணன் தம்பி போல இருக்கும்.

முதலாவது, இரண்டு நாட்டுச் சட்டம் ஒரே வழக்கில் முட்டிக்கொள்ளும்போது எது பொருந்தும், எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம், வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லுமா என்று பார்ப்பது. தமிழில் தனியார் பன்னாட்டுச் சட்டம் என்போம். உங்கள் ஊருக்கு அந்நியமான பாடம் இல்லை. துபாயில் வேலை பார்ப்பவர் வாங்கிய கடனுக்கு அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பு எழுதினால், அதை இங்கே கொண்டுவந்து நேரடியாக நிறைவேற்ற முடியுமா? முன்பு புதிதாக வழக்குப் போட வேண்டியிருந்தது. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தை மத்திய அரசு பரஸ்பர நாடாக அறிவித்த பிறகு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்று மனு போடலாம். ஆனால் 13ஆம் பிரிவின் விதிவிலக்குகளை எதிராளி எழுப்பலாம்: அழைப்பாணை முறையாகக் கிடைக்கவில்லை, வழக்கின் சாரத்தைப் பார்க்காமல் தீர்ப்பு வந்தது என்பன போல.

இரண்டாவது, தகராறைத் தீர்க்கும் வழிகளைப் பற்றியது. பேச்சுவார்த்தை, சமரசம், ஆர்பிட்ரேஷன், நாடுகளுக்கிடையே என்றால் பன்னாட்டு நீதிமன்றம் வரை எல்லாம் அதில் அடக்கம். சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஆர்பிட்ரேஷன் நடுவர் சொல்வார். பேச்சில் இரண்டையும் ‘மத்தியஸ்தம்’ என்று சொல்லிவிடுவதால் கட்சிக்காரர் மட்டுமல்ல, சில நேரம் வக்கீலும் குழம்பிப் போகிறார்.

இங்கிலாந்தில் ஒரு வருட எல்.எல்.எம். முடித்தால் அங்கே வக்கீலாகலாம் என்கிறார் ஏஜென்ட். உண்மையா?
– வாசகர், திசையன்விளை

இல்லை. அங்கே எல்.எல்.எம். என்பது பொதுவாக 180 கிரெடிட் கொண்ட கல்விப் பட்டம்: பாடங்களுக்கு 120, ஆய்வேட்டுக்கு 60. தலைப்பில் ‘தொழில் நடைமுறை’ என்று இருந்தாலும் அது உரிமம் ஆகாது. சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர் ஆக எஸ்.க்யூ.இ. என்ற தகுதித் தேர்வு தனியாக எழுத வேண்டும். முதல் கட்டத்தில் 180 வீதம் இரண்டு தாள்களில் 360 கேள்விகள்; இரண்டாம் கட்டத்தில் நேர்காணல், வாதம், வரைவு என்று 16 செய்முறைச் சோதனைகள். எங்கும் வழக்கறிஞராகத் தகுதி பெறாதவர்களுக்கு இரண்டாண்டுப் பணி அனுபவமும் வேண்டும். இங்கே ஏற்கெனவே வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்களுக்கு அந்தப் பணி அனுபவ நிபந்தனை கிடையாது. ஆகவே ஊரில் என்ரோல் செய்து, அகில இந்திய பார் தேர்வையும் முடித்துவிட்டுப் போவதே லாபம். என்ரோல்மென்ட் கட்டணம் சட்டப்படி 750 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான். அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது.

கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளை நான். மீனவர் கைது பற்றி ஆய்வேடு எழுத நினைக்கிறேன். ‘தமிழக மீனவர் பிரச்சினையும் பன்னாட்டுச் சட்டமும்’ என்ற தலைப்பு ரொம்பப் பொதுவாக இருக்கிறது என்று வழிகாட்டி திருப்பிவிட்டார். எப்படிச் சுருக்குவது?
– வாசகி, உவரி

வழிகாட்டி சொன்னது சரி. அந்தத் தலைப்பில் ஐந்து ஆய்வேடு எழுதலாம், ஒன்றும் உருப்படாது. கைது எந்த நீர்ப்பரப்பில் நடந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, கரையின் அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் ஆட்சிக்கடல். 24 வரை அடுத்துள்ள மண்டலம். 200 வரை தனிப் பொருளாதார மண்டலம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், 12 மைல் என்றால் சுமார் 22 கிலோமீட்டர். இந்தியா 1995 ஜூனிலும், இலங்கை அதற்கு முந்தைய ஆண்டும் இதை ஏற்றன.

மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வது 73ஆம் உறுப்பு. பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிச் சட்டத்தை மீறியதாகப் பிடிபட்ட படகையும் ஆட்களையும் நியாயமான பிணையின் பேரில் விரைவாக விட வேண்டும், நாடுகளுக்குள் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் சிறைத் தண்டனை கூடாது என்கிறது அது. படித்ததும் ‘கிடைத்துவிட்டது விடை’ என்று தோன்றும். இங்கேதான் பாதி ஆய்வேடுகள் கவிழ்கின்றன. 73ஆம் உறுப்பு பொருளாதார மண்டலத்துக்கு மட்டுமே. பாக் நீரிணையில் இரு கரையும் நெருக்கம். அங்குள்ள நீரை இலங்கை 1977இல் வரலாற்று நீராக அறிவித்து உள்நாட்டு நீர் என்கிறது. ராமேஸ்வரம் படகு அங்கே பிடிபட்டால் 73ஐ நீட்ட முடியாது. மன்னார் வளைகுடாவின் தெற்கே, அகன்ற கடலில் என்றால் கதை வேறு. ஆக, ஒரே ஆய்வேட்டில் இரண்டு கடலையும் கலக்காதீர்கள்.

சுருக்க ஒரு வழி சொல்கிறோம். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கையின் 5ஆம் உறுப்பு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் கச்சத்தீவுக்கு முன்போலவே வந்துபோகலாம், அதற்கு இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. 6ஆம் உறுப்பு, இரு நாட்டுக் கலங்களும் அடுத்தவர் நீரில் மரபாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. 1976 மார்ச் கடிதப் பரிமாற்றமோ, இந்திய மீன்பிடிக் கலங்கள் இலங்கையின் வரலாற்று நீரிலும் ஆட்சிக்கடலிலும் பொருளாதார மண்டலத்திலும் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. பின்னது முன்னதை வெட்டிவிட்டதா? ‘வந்துபோதல்’ என்ற சொல்லுக்குள் மீன்பிடித்தல் அடங்குமா, வலை உலர்த்துதலோடு நிற்குமா? கடிதப் பரிமாற்றத்துக்கு உடன்படிக்கையின் தகுதி உண்டா? இந்த மூன்று கேள்வி போதும், ஒரு ஆய்வேட்டுக்கு.

விளக்க முறைக்கு 1969 வியன்னா உடன்படிக்கையின் 31, 32ஆம் உறுப்புகளைத்தான் எடுப்பீர்கள். அது 1980 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது, பின்னோக்கிப் பொருந்தாது, இந்தியா அதில் உறுப்பினரும் இல்லை. எனவே ‘31ஆம் உறுப்பின்படி’ என்று நேராக எழுதாமல், அந்த விதி வழக்காற்றுச் சட்டம், அதாவது நாடுகளின் தொடர்ந்த வழக்கத்தால் சட்டமானது என்று நிறுவிவிட்டு எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்.

உங்கள் கரைக்கே உரிய தலைப்பு வேண்டுமென்றால், அதே 1976 கடிதங்களில் கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடிப் பரப்பு இருக்கிறது. அது இந்தியாவின் பொருளாதார மண்டலத்தில் வருவதாக ஏற்றுக்கொண்டு, இலங்கையின் ஆறு கலங்கள் மூன்று ஆண்டுக்கு, ஆண்டுக்கு 2,000 டன் வரை பிடிக்கலாம் என்று சலுகை தரப்பட்டது. கச்சத்தீவைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் இந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை.

களப்பணிக்குப் போகும்போது: மீனவர் ‘பத்துப் பாகத்தில் கிடந்தோம்’ என்றால் அது ஆழக் கணக்கு, தூரம் அல்ல. அதை மைலாக்கி எழுதிவிடாதீர்கள். ஜி.பி.எஸ். கருவியில் பதிவான அட்சரேகை, தீர்க்கரேகையைக் கேட்டு வாங்கி, கடற்படை வரைபடத்தில் குறித்து, 1974, 1976 உடன்படிக்கைகளில் உள்ள எல்லைப் புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். வழக்கு நிலுவையில் உள்ளவரின் பெயரையும் படகு எண்ணையும் ஆய்வேட்டில் போடக் கூடாது. பேட்டி எடுக்கும் முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பேட்டி கொடுப்பவரின் கையெழுத்தும் வேண்டும். மொழிபெயர்த்த பேட்டியோடு தமிழ் மூலத்தையும் பின்னிணைப்பில் வையுங்கள்.

மைல் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு தூத்துக்குடியிலேயே வழக்கு இருக்கிறது. 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்ட் ஓஹியோ’ என்ற கப்பல் ஆயுதங்களோடும் 35 பேரோடும் பிடிக்கப்பட்டது. கப்பல் நின்றது ஆட்சிக்கடலிலா வெளியிலா, அது தீங்கற்ற கடப்பா (கரை நாட்டுக்குத் தீங்கில்லாமல் கடந்துபோவதா) இல்லையா என்பதே சண்டை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2015இல் விசாரணையை மீண்டும் உயிர்ப்பித்தது. தூத்துக்குடி நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஐந்தாண்டு தண்டனை கொடுத்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. நான்கு கட்டத் தீர்ப்பையும் வரிசையாகப் படித்துவிட்டு ஆட்சிக்கடல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.

கூடங்குளத்தைப் பன்னாட்டுச் சட்டத் தலைப்பாக எடுக்க முடியுமா?
– வாசகர், ராதாபுரம்

தாராளமாக. 1988 நவம்பரில் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் செய்த ஒப்பந்தம்; நாடு கலைந்த பின் ரஷ்யா அதைத் தொடர்ந்த விதம்; 2010 அணுசக்தி இழப்பீட்டுச் சட்டத்தின் 17(பி) பிரிவு, கருவி விற்றவர் மேல் நிலையத்தை நடத்துபவர் திரும்பப் பாய இடம் கொடுத்தது; 2016 பிப்ரவரியில் இந்தியா ஏற்ற துணை இழப்பீட்டு உடன்படிக்கையோடு அது ஒத்துப்போனதா என்ற விவாதம். ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்கள். பாதுகாப்பா ஆபத்தா என்ற அரசியல் வாதத்தை முன்னுரையோடு நிறுத்திவிடுங்கள்.

நிலாவரை என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்கும் சென்னா இலையை ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்கிறது எங்கள் குடும்பம். ஒப்பந்தத்தில் ‘தகராறு வந்தால் தூத்துக்குடியிலோ ஹாம்பர்க்கிலோ ஆர்பிட்ரேஷனுக்குப் போகலாம், ஜெர்மன் சட்டம் பொருந்தும்’ என்று ஒரு வரி இருக்கிறது. எல்.எல்.எம். மாணவனான என்னை அப்பா ‘இது போதுமா?’ என்று கேட்கிறார்.
– வாசகர், சாத்தான்குளம்

போதாது. ஒரே வரியில் மூன்று ஓட்டை.

‘போகலாம்’ என்பது முதல் ஓட்டை. விருப்பமிருந்தால் போகலாம் என்ற பொருள் தரும் சொல் ஆர்பிட்ரேஷன் உடன்பாடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் ஜகதீஷ் சந்தர் வழக்கில் சொல்லியிருக்கிறது. ‘ஆர்பிட்ரேஷன் வழியாகவே இறுதியாகத் தீர்க்கப்படும்’ என்று கட்டாயமாக எழுதுங்கள்.

‘தூத்துக்குடியிலோ ஹாம்பர்க்கிலோ’ இரண்டாவது. ஒப்பந்தத்தில் எழுதும் இந்த இடத்துக்கு ‘சீட்’ என்று பெயர். அது உட்கார்ந்து பேசும் அறை அல்ல. எந்த நாட்டு நீதிமன்றம் அந்த ஆர்பிட்ரேஷனுக்கு மேற்பார்வை என்பதைத் தீர்மானிக்கும் சட்ட முகவரி. ஒன்றைத்தான் எழுத வேண்டும். இந்தியா சீட் என்றால், எதிராளி வெளிநாட்டவர் என்பதால் அது பன்னாட்டு வணிக ஆர்பிட்ரேஷன். தீர்ப்பை எதிர்க்கும் மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். நடுவரை நியமிக்கும் முறை ஒப்பந்தத்தில் இல்லாமல் இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால், நியமனத்துக்கு உச்ச நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். பத்து லட்ச ரூபாய்ச் சரக்குக்கு சாத்தான்குளத்திலிருந்து டெல்லி! அதைத் தவிர்க்க, நியமிக்கும் அமைப்பின் பெயரைப் பிழையில்லாமல் ஒப்பந்தத்திலேயே போடுங்கள். ஒரு தரப்பே தனி நடுவரை நியமிக்கும் வாசகத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது. ‘ஜெர்மன் சட்டம்’ என்று மட்டும் எழுதினால், 1980 வியன்னா சரக்கு விற்பனை உடன்படிக்கையும் உள்ளே வந்துவிடும். ஜெர்மனி அதில் உறுப்பினர், இந்தியா இல்லை. அது நல்லதா கெட்டதா என்பது சரக்கைப் பொறுத்தது. ஆனால் தெரியாமல் ஏற்பது கெட்டதுதான். வேண்டாமென்றால் ‘அவ்வுடன்படிக்கை பொருந்தாது’ என்று தனியே எழுத வேண்டும்.

இதோடு நடுவர் எண்ணிக்கை ஒன்று, மொழி ஆங்கிலம் என்பதையும் சேருங்கள். சிறு தொகைக்கு மூன்று நடுவர் கட்டாது. ஒரு கணக்குப் பாருங்கள்: 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணை உள்நாட்டு வழக்குகளுக்கான மாதிரிக் கட்டணம். 12 லட்ச ரூபாய்த் தகராறுக்கு 45,000 ரூபாயோடு, 5 லட்சத்துக்கு மேற்பட்ட 7 லட்சத்தில் 3.5 சதவீதமான 24,500ஐக் கூட்டினால் 69,500. தனி நடுவருக்குக் கூடுதலாக 25 சதவீதம், ஆக 86,875 ரூபாய். உங்களுடையது போன்ற பன்னாட்டு வணிக ஆர்பிட்ரேஷனுக்கு இந்த அட்டவணை பொருந்தாது, தொகை எகிறலாம்.

வென்ற தீர்ப்பை எங்கே கொண்டுபோய்க் காசாக்குவது என்று யோசித்துவிட்டே சீட்டைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பாக்கி வாங்குபவரிடம், அவர் சொத்து ஜெர்மனியில். 1958 நியூயார்க் உடன்படிக்கைப்படி அங்குள்ள நீதிமன்றத்தில் சான்றளித்த தீர்ப்பு நகல், ஒப்பந்த நகல், தேவையானால் மொழிபெயர்ப்பு மூன்றையும் கொடுத்து நிறைவேற்றக் கேட்க வேண்டும்.

சென்னாவில் தகராறு பெரும்பாலும் ஈரப்பதம், இலையின் மருந்துச் சத்தான சென்னோசைட் அளவு, பூச்சிமருந்து எச்சம் இவற்றைப் பற்றியே வரும். ஆகவே சரக்கு கன்டெய்னரில் ஏறும்போதே மாதிரி எடுத்து மூன்று பையில் சீல் வைத்து, உங்களுக்கொன்று, வாங்குபவருக்கொன்று, ஆய்வு நிறுவனத்துக்கொன்று என்று பிரித்துக்கொள்ளும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஹாம்பர்க்கில் மட்டும் எடுத்த மாதிரியை எதிர்த்து வாதாட உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

பத்து வருடமாக சிவில் வக்கீல். சமரசராக என்ன பயிற்சி வேண்டும்? அதற்கு எல்.எல்.எம். அவசியமா?
– வாசகி, தென்காசி

எல்.எல்.எம். அவசியமில்லை. உச்ச நீதிமன்றத்தின் சமரசக் குழு வகுத்த 40 மணி நேரப் பயிற்சியும், அதன்பின் மூத்த சமரசரோடு உட்கார்ந்து பழகுவதும்தான் வழி. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதலாவதாக 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. மாவட்டங்களில் அதன் கிளைகள் உண்டு. பயிற்சி அறிவிப்பு மாவட்ட நீதிமன்றம் வழியாக வரும்.

2023 சமரசச் சட்டத்தை மேற்கோள் காட்டுவதில் கவனம். 2023 அக்டோபர் 9 அன்று அமலுக்கு வந்தவை சில பிரிவுகளே. சமரசக் கவுன்சில் அமைப்பது போன்றவை. வழக்குக்கு முந்தைய சமரசம், ஊர்ப் பகைக்கான சமுதாயச் சமரசம் பற்றிய பிரிவுகள் அந்தப் பட்டியலில் இல்லை. எழுதும் முன் அரசிதழைப் பார்த்துவிடுங்கள். வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு மட்டும் வலுவாக நடப்பில் இருக்கிறது: 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறில், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காவிட்டால், சமரசத்துக்குப் போகாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உறுதியாகச் சொன்னது.

வக்கீல்கள் சமரசராகும்போது வரும் முதல் தவறு, குறுக்கு விசாரணை. ‘அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தீர்களா இல்லையா?’ என்று கேட்ட நிமிடமே கட்சிக்காரர் கவசம் போட்டுக்கொள்வார். ‘அதன்பிறகு என்ன ஆச்சு, சொல்லுங்க’ என்று திறந்துவிடுங்கள். இரண்டாவது, தனி அமர்வில் அண்ணன் சொன்னதை, அனுமதியில்லாமல் தம்பியிடம் ஜாடையாகச் சொல்லிவிடுவது. அதன்பின் இரு தரப்பும் உங்களை நம்பாது.

மூன்றாவதுதான் அதிகம் சேதம் செய்வது: பேசி முடித்த சந்தோஷத்தில் உடன்பாட்டைப் பொத்தாம்பொதுவாக எழுதுவது. பாகப்பிரிவினையில் ‘தெற்குப் பாதி தம்பிக்கு’ என்று எழுதினால் அடுத்த வழக்குக்கு விதை போட்டாயிற்று. சர்வே எண், உட்பிரிவு, ஏக்கர் சென்ட், நான்கு எல்லை எல்லாம் வேண்டும். நஞ்சை என்றால் வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எந்த முறை, மடையை யார் திறப்பது, வரப்பில் வண்டி போகலாமா. கிணறு பொது என்றால் மோட்டார் கரன்ட் பில்லை யார் எந்தத் தேதிக்குள் கட்டுவது. அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் நிலத்தைவிடத் தண்ணீர்தான் சண்டைக்குக் காரணம் என்பது உங்களுக்கே தெரியும். பத்திரப்பதிவு, முத்திரைத்தீர்வை யார் செலவு என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

சமரசத்தில் முடிந்தால் நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவு. மையத்துக்குப் போகாமல் வெளியே பேசித் தீர்த்தாலும் அது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லுங்கள், வேலை பாதி முடிந்த மாதிரி.

தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத் தீர்ப்புகள் பயமுறுத்துகின்றன.
– வாசகர், களக்காடு

நூறு பக்கத் தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். முடிவுரைக்குப் போங்கள், எந்தக் கேள்விக்கு என்ன விடை என்று தமிழில் நான்கு வரி எழுதுங்கள், பிறகு அந்த விடைக்கான காரணம் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று தேடுங்கள். முதல் தீர்ப்பாக வேலூர் மக்கள் நல மன்றம் வழக்கை எடுங்கள்: 1996, பாலாற்றுத் தோல் ஆலைக் கழிவு. ஊர் விஷயம் தெரிந்திருப்பதால், பன்னாட்டு வழக்காற்றுச் சட்டம் நம் சட்டத்துக்குள் எப்படி நுழைந்தது என்பது எளிதில் பிடிபடும். ஐ.நா.வின் ஒலி-ஒளி நூலகத்தில் உலகப் பேராசிரியர்களின் விரிவுரைகள் இலவசம். வாரம் ஒன்று, கையில் குறிப்பேட்டோடு.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? ஐ.நா.வில் சேர முடியுமா?
– வாசகர், நாங்குநேரி

நேர்மையாகச் சொன்னால், முதல் வாசல் ஆசிரியப் பணி. யு.ஜி.சி. நெட் தேர்வில் சட்டத்தின் எண் 58. பன்னாட்டுச் சட்டமும் மனிதாபிமானச் சட்டமும் அதில் தனி அலகு. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறுக்குக் கழிவு இல்லை. இரண்டாவது, வெளியுறவு அமைச்சகத்தின் சட்டம், உடன்படிக்கைப் பிரிவு. சட்ட அலுவலர் பணியிடங்களை மத்தியத் தேர்வாணையம் எப்போதாவது, மிகச் சிலவாக அறிவிக்கும். விளம்பரத்துக்காகக் காத்துக் கிடக்காமல் வேறு வேலை பார்த்துக்கொண்டே கவனியுங்கள். மூன்றாவது, ஆர்பிட்ரேஷன், கப்பல், ஏற்றுமதி ஒப்பந்தம் பார்க்கும் அலுவலகங்கள். தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்திலிருக்க, இதை ஏன் நம் பிள்ளைகள் கடைசியில் நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ தங்கும் செலவு உங்களுடையது. இளம் அலுவலர் தேர்வுக்கு வயது 32க்குள் இருக்க வேண்டும், அந்த ஆண்டுப் பட்டியலில் நம் நாடும் இருக்க வேண்டும். ஹேக் பன்னாட்டுச் சட்ட அகாடமியின் கோடைப் பாடம் செலவுக்கேற்ற பயன் தருவது, உதவித்தொகையும் உண்டு. டெல்லியில் 1959இல் தொடங்கிய இந்தியப் பன்னாட்டுச் சட்டச் சங்கத்தின் பட்டயப் படிப்புகளையும் பாருங்கள்.

வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன். எங்கே கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகி, வள்ளியூர்

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை என்றால் குறைந்தது 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். ஜூனியராக இருந்த காலத்துக்கு சீனியரிடம் தேதி போட்டுக் கடிதம் வாங்கி வையுங்கள். அமெரிக்காவில் படிக்கத் தரும் ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகையில் பன்னாட்டுச் சட்டம் ஒரு துறை. அதற்கு மூன்றாண்டு அனுபவம் கேட்பார்கள். நோக்க அறிக்கையில் ‘சிறு வயது முதல் நீதியில் ஆர்வம்’ என்று தொடங்காமல், எந்தச் சட்டச் சிக்கலைப் படிக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கே வருகிறீர்கள் என்று முதல் வரியில் சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது ஆசிரியருக்கு ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள். உங்கள் மதிப்பெண் பட்டியல், எழுதிய கட்டுரை ஒன்று, விண்ணப்பிக்கும் இடங்களின் கடைசித் தேதிகள் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக் கொடுத்தால் கடிதம் பொதுப்புகழாக இருக்காது.

பெயர்ச் சிக்கல் நம்மவர்களுக்கே உரியது. மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். இசக்கியம்மாள்’, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து ‘சுடலைமுத்து’ குடும்பப் பெயராக நிற்கும், பார் கவுன்சில் சான்றிதழில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். வெளிநாட்டு அலுவலகத்துக்கு இது மூன்று பெண்கள். விண்ணப்பத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை) கேட்கும் நாடு என்றால், சான்றிதழை முதலில் மாநில அரசின் சான்றொப்பத்துக்கும் பிறகு வெளியுறவு அமைச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும். வரிசை மாறினால் திருப்பிவிடுவார்கள். லேமினேட் செய்த சான்றிதழில் முத்திரை குத்த முடியாது, ஆகவே வீட்டில் யாராவது அன்பு மிகுதியில் லேமினேட் போட்டுவிட்டார்களா என்று இன்றைக்கே பீரோவைத் திறந்து பாருங்கள்.